சித்தப்பா மாமாவான கதை

போன வருஷம் தை மாதக் கடைசியில், பாரிஸ் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் கடலூரில் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். வயது 30ஐத் தொடவில்லை. புதுச்சேரியில் இருக்கும் தூரத்து உறவு ஒருவர், 'மஞ்சக்குப்பத்துல ஒருத்தர் இருக்கார், பழைய காகிதம் ஒண்ணையும் தூக்கிப் போடமாட்டார்' என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அவள் கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் ஒரு போட்டோவும் ஒரு நகல் காகிதமும் இருந்தன.

போட்டோவைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாகூர் பக்கம் எங்கள் பழைய வீட்டில், நெல் குதிருக்கு மேலே மாட்டியிருந்த அதே படம். கோட்டு, தலைப்பாகை, பக்கத்தில் ஒரு ஸ்டுடியோ நாற்காலி. பிரெஞ்சுக்காரன் ஆண்ட வியட்நாமில் சைகோன் நகரத்துக்குப் போனவர் என்பதால் நாங்கள் அவரைச் சைகோன் தாத்தா என்போம். அவள் வீட்டில் அவருக்கு ஒரு பிரெஞ்சுக் குடும்பப்பெயர் இருந்தது. அவளுக்கும் அதே பெயர்தான். பிரான்சில் அந்தப் பெயரோடு ரொட்டிக் கடைக்காரர்களும் இருக்கிறார்களாம், அவர்களுக்கும் இவளுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

"இவர் உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டாள். "கொள்ளுத் தாத்தாவோட தம்பி" என்று பட்டென்று சொல்லிவிட்டேன். யாரும் எனக்கு அப்படிச் சொல்லிக் கொடுத்ததில்லை. படம் நம் வீட்டில் இருக்கிறது, பெயரில் தாத்தா இருக்கிறது, அதனால் பங்காளிதான் என்று நானே முடிவு கட்டியிருந்தேன். அந்தக் கணக்கில் அவள் அப்பா எனக்கு அண்ணன் முறை, நான் அவளுக்குச் சித்தப்பா. நாக்கைச் சுழற்றிச் சுழற்றி அந்தச் சொல்லைப் பழகிக்கொண்டு ஊருக்குப் போனாள். நான் சார்ட் பேப்பர் வாங்கப் போனேன்.

அடுத்த எட்டு மாதம் என்ன செய்தேன் என்பதுதான் இந்தப் பதிவு. யார் பெயரும் இதில் வராது. பெரிய அத்தை போட்ட நிபந்தனை அது.

முதலில் அந்த நகல் காகிதம். சைகோன் தாத்தா தன் 'பழைய நிலையைத் துறந்த' அறிவிப்பு. 1881 செப்டம்பர் 21ஆம் தேதி ஆணைப்படி, பிரெஞ்சிந்தியாவில் பிறந்த இந்தியர் யாரும் தம் சாதி, சமய வழக்குகளின்படியான சட்ட நிலையைக் கைவிட்டு பிரெஞ்சுச் சிவில் சட்டத்துக்குள் போகலாம். அப்படிப் போகிறவர் ஒரு குடும்பப்பெயரைத் தேர்ந்து எழுதிக் கொடுக்க வேண்டும். ரெனோன்சான் என்பது அவர்களுக்கு வழங்கிய பெயர். இந்த விவகாரத்தில் முன்னே நின்றவர் வக்கீல் பொன்னுத்தம்பி பிள்ளை. பூட்ஸ் போட்டுக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போனதற்காக 1873இல் தடுக்கப்பட்டு, பாரிஸ் வரை வழக்கை இழுத்து ஜெயித்தவர். அவர் எடுத்துக்கொண்ட குடும்பப்பெயர் லாபோர்த். பிரெஞ்சில் அதற்குக் கதவு என்று அர்த்தம்.

வயது வந்த ஒவ்வொருவரும் தனித்தனியே அறிவிப்புக் கொடுத்ததால், ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேர் இரண்டு குடும்பப்பெயரோடு வெளியே வரவும் வழி இருந்தது. அறிவிப்பே கொடுக்காத அண்ணன் பழையபடி அப்பா பெயரோடு நின்றுவிடுவார். இதைப் படித்ததும் என் நினைப்பு இன்னும் கெட்டிப்பட்டது. தம்பி சைகோனுக்குப் போக வேண்டியிருந்தது, பெயர் எடுத்தார். அண்ணன், அதாவது என் கொள்ளுத் தாத்தா, ஏர் பிடித்தார், பெயர் எடுக்கவில்லை. கதை அழகாகத்தான் இருந்தது.

எனக்குப் பிரெஞ்சு தெரியாது. போனில் உள்ள மொழிபெயர்ப்பை நம்பி இறங்கினேன். தேதியை எண்ணில் போடாமல் முழுக்கச் சொல்லாகவே எழுதியிருந்தார்கள். அது நல்லது, ஒன்றை ஏழாகப் படிக்கும் ஆபத்து இல்லை. பெயர்களில் உகரம் வரும் இடமெல்லாம் ஓ, யூ என்று இரண்டு எழுத்து. சுப்பிரமணியன் அங்கே போனால் எஸ்-ஓ-யூ என்று ஆரம்பித்து இ-என் என்று முடிவார். ஒரு மணி நேரத்தில் இது பழகிவிடும்.

வழுக்கியது வேறு இடத்தில். சைகோன் தாத்தாவின் அப்பா பெயருக்கு முன்னால் 'ஃபெ' என்று ஒரு சிறு சொல். போன் அதற்கு 'நெருப்பு' என்றது. நெருப்பு இன்னாரின் மகன்! எங்கள் பக்கத்தில் திரௌபதி அம்மன் கோயில் தீமிதி தெரியாத ஊர் கிடையாது. கொள்ளுத் தாத்தாவின் அப்பா தீமிதியில் முன்னால் இறங்கிய ஆளாக இருந்திருக்க வேண்டும், பட்டப்பெயரே நெருப்பு என்று ஆகியிருக்க வேண்டும் என்று நான் கோபுரம் கட்டினேன். இரண்டு கோயில்களுக்குப் போய், தீமிதி முறைக்காரர் யார் யார் என்று விசாரித்தும் வந்தேன். இரண்டு வாரம் போனது. கடைசியில் வெட்கத்தை விட்டுப் பாரிஸ் பெண்ணிடமே கேட்டேன். வீடியோவில் அவள் சிரித்த சிரிப்பில் படம் ஆடியது. "நெருப்பு இல்ல சித்தப்பா, செத்துப்போனவரு!" காலஞ்சென்ற என்பதற்கு அங்கே அந்தச் சொல்தானாம். நெருப்புக்கும் அதே எழுத்துதானாம்.

பிரெஞ்சுப் பதிவேடு படிக்கப் போகிறவர்கள் இந்த நாலைந்து சொற்களுக்குப் பிரெஞ்சில் என்ன என்று முதலில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்: காலஞ்சென்ற, மகன், மகள், விதவை, சாட்சி. மிச்சத்தை ஊகித்துவிடலாம்.

அடுத்து நம் பக்கத்துக் காகிதம். எங்கள் ஊர் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவில் பின்னிக் கிடக்கும் எல்லையில் இருக்கிறது. முள்ளோடைப் பக்கம் பஸ்ஸில் போனவர்களுக்குத் தெரியும், எது எந்த அரசு என்று பலகையைப் பார்த்தால்தான் விளங்கும். 1954 நவம்பர் 1 வரை ஒரு பக்கம் பிரெஞ்சுக்காரன், மறு பக்கம் வெள்ளைக்காரனும் அவனுக்குப் பிறகு இந்தியாவும். வீடு பிரெஞ்சு மண்ணில், நிலத்தில் ஒரு துண்டு இந்தப் பக்கம். அதனால் கொள்ளுத் தாத்தா எழுதிய கிரயப் பத்திரம் ஒன்று கடலூர் சரகத்தில் பதிவாகி எங்கள் டிரங்குப் பெட்டியிலேயே இருந்தது.

நான் தேடியபோது, தமிழ்நாட்டில் இணையத்தில் வில்லங்கம் போட்டால் 1975க்குப் பிறகுதான் சுலபமாகக் கிடைத்தது. அதற்கு முன்னால் போக வேண்டுமென்றால் கைப்பதிவு அட்டவணையைத் தேடச் சொல்லி மனு எழுதி, கட்டணம் கட்டி, காத்திருக்க வேண்டும். ஒரு அலுவலகத்தில் மூன்று முறை 'நாளைக்கு வாங்க' கேட்டேன், நான்காம் முறை அந்த நாளை வந்தது. சட்டம் நமக்கு ஒரு உபகாரம் செய்திருக்கிறது. பத்திரத்தில் வருகிற இந்தியர் எவருக்கும் தகப்பன் பெயர் இருக்க வேண்டும், தாய் பெயரால் அறியப்படுபவர் என்றால் தாய் பெயர் இருக்க வேண்டும் என்று 1908 பதிவுச் சட்டமே சொல்கிறது. ஒரு பத்திரம் கிடைத்தால் இரண்டு தலைமுறை நிச்சயம்.

எங்கள் பத்திரம் அந்தச் சட்டத்துக்கும் மூத்தது. தேதி 'விகாரி ௵ தை ௴' என்று ஆரம்பித்தது. ௵ வருஷம், ௴ மாதம், ௳ நாள், ௹ ரூபாய். இது தெரியாமல் என் மகன் அதை யாரோ கிறுக்கியது என்றான். விகாரி 60 வருஷத்துக்கு ஒரு முறை வரும்: 1839, 1899, 1959. முத்திரைத்தாளைப் பார்த்தால் நடுவில் உள்ளதுதான். ஆனால் சித்திரையில் பிறந்த வருஷத்துக்குத் தை மாதம் வரும்போது ஆங்கில வருஷம் மாறிவிடும், ஆக 1900 ஜனவரி. நான் முதலில் சார்ட்டில் 1899 என்று எழுதி அடித்தேன். கிஸ்து, அதாவது நிலவரி ரசீதுகளில் பசலி என்ற வரிக்கணக்கு வருஷம் இருக்கும், அதோடு 590 கூட்டுங்கள். பசலி ஜூலையில் பிறப்பதால் அங்கேயும் ஆறு மாதம் முன்பின் பார்க்க வேண்டும்.

எண்களும் தமிழ் எண்கள். ௧ ககரம் மாதிரி, ௨ உகரம் மாதிரி, ௭ எகரம் மாதிரி, ௮ அகரம் மாதிரி. 'எ குழி' என்பதை ஏதோ எல்லைக் குழி என்று படித்து முழித்தேன். அது ஏழு குழி, நில அளவு.

பத்திரத்தில் கொள்ளுத் தாத்தாவின் அப்பா பெயர் தெளிவாக இருந்தது. சைகோன் தாத்தாவின் அறிவிப்பில் இருந்த அப்பா பெயரும் அதுவே. எழுத்துக்கு எழுத்து அதே பெயர். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஒரே ஒரு நெருடல். பத்திரத்தில் பெயருக்குப் பின்னால் படையாட்சி என்று இருந்தது, பிரெஞ்சுக் காகிதத்தில் கவுண்டன். வெளியூர்க்காரர் பார்த்தால் இரண்டு குடும்பம் என்பார். நமக்குத் தெரியும், வட மாவட்டங்களில் ஒரே சாதி கடலூர்ப் பக்கம் படையாட்சி, வேறு ஊரில் கவுண்டர், செங்கல்பட்டுப் பக்கம் போனால் நாயக்கர். ஊர் மாறினால் பட்டம் மாறும். அது குடும்பப்பெயர் கிடையாது, அதை வைத்து யாரையும் யாரோடும் சேர்க்கவும் முடியாது, பிரிக்கவும் முடியாது. எங்கள் அப்பா பள்ளிக்கூடத்தில் அதைப் போடவே இல்லை, இன்ஷியலோடு நிறுத்திக்கொண்டார். என் இன்ஷியல் அப்பாவுடையது, என் மகனுடையது என்னுடையது. ஒரே வீட்டில் மூன்று தலைமுறைக்கு மூன்று இன்ஷியல்.

ஆக, பட்டம் வேறானது பெரிய விஷயமில்லை என்று தள்ளினேன். அது சரிதான். அதனால் இருவரும் அண்ணன் தம்பி என்று முடித்தேன். அது தப்பு. சரியான ஒரு விஷயம் தெரிந்திருந்தது என்ற தெம்பில் தப்பான இடத்துக்குப் போய்ச் சேர்ந்தேன்.

இன்னொரு ஆதாரமும் என்னை ஏமாற்றியது. குலதெய்வம். இரண்டு வீட்டுக்கும் பச்சைவாழியம்மன் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஒரே குலதெய்வம் என்றால் பங்காளிதானே? ஆனால் பச்சைவாழியம்மனும் மன்னாதசாமியும் எங்கள் பக்கத்தில் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். எந்தச் சாமி என்று கேட்டால் போதாது. எந்த ஊர் கோயிலுக்கு வரி கொடுத்தீர்கள், எந்த ஊரில் முதல் மொட்டை அடித்தீர்கள் என்று கேட்க வேண்டும். நான் அப்படிக் கேட்கவில்லை.

சார்ட்டில் மையால் கோடு போட்டு, போட்டோ எடுத்துப் பாரிஸுக்கு அனுப்பிவிட்டேன். அவள் அதைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டாள். பென்சிலில் போட்டிருக்க வேண்டும்.

வைகாசியில் அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு நெல்லிக்குப்பத்தில் இருக்கும் பெரிய அத்தை வீட்டுக்குப் போனேன். அப்பாவுக்கு அக்கா, 90ஐத் தொடுகிற வயது. காது மந்தம், கண் கூர்மை. ஏற்கெனவே ஒருமுறை போனில், "சைகோன் தாத்தா நமக்கு என்ன வேணும்?" என்று கத்திக் கேட்டிருக்கிறேன். "தாத்தா வேணும்" என்றிருக்கிறார். கேள்விக்கு ஏற்ற பதில்.

சார்ட்டைத் தரையில் விரித்தேன். நாலு மூலைக்கும் நாலு டம்ளர் வைத்தேன். அத்தை குனிந்து விரலால் கோட்டைத் தொட்டுக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினார்.

"இன்னாடா இது? இவங்கள ஏன் நம்ம பங்காளியா எழுதி வச்சிருக்க?"

"தம்பிதானே அத்தை?"

"தம்பியா? அவங்க வூட்ல பொண்ணு எடுத்திருக்கோம்டா! எங்க சித்தி யாருன்னு நெனச்ச? சைகோனார் பொண்ணு. பங்காளி வூட்ல எவனாவது பொண்ணு எடுப்பானா?"

நான் உட்கார்ந்துவிட்டேன். அத்தை 'எங்க சித்தி' என்றது என் தாத்தாவின் தம்பி மனைவியை. சின்ன வயதிலேயே இறந்துபோனவர், பிள்ளை இல்லை, எனக்குத் தெரிந்தது 'புதுச்சேரி சின்னம்மா' என்ற பெயர் மட்டும். சார்ட்டில் அவர் இடத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருந்தேன். அந்தக் கேள்விக்குறியில்தான் மொத்த விஷயமும் இருந்திருக்கிறது.

அத்தை விடவில்லை. "அந்த வூட்ல சாவு வந்தா நாம மூணு நாளோட சரி, கோடித் துணி எடுத்துக்கினு போவோம். பங்காளின்னா பதினாறு நாள் தீட்டு காக்கணும். இது கூட தெரியாம என்னா மரம் வரையுற நீ?"

அன்றிலிருந்து பெரியவர்களிடம் கேட்கும் கேள்வியை மாற்றிவிட்டேன். 'என்ன உறவு' என்று கேட்டால் தாத்தா, மாமா, அத்தை என்று பத்துப் பேருக்குப் பொருந்துகிற சொல்தான் வரும். சாவில் தீட்டு காத்தீர்களா, கோடி கொண்டு போனீர்களா? கல்யாணத்தில் முதல் சீர் யார் வைத்தது? காது குத்த யார் மடியில் உட்கார வைத்தீர்கள்? இதையெல்லாம் கேட்டால் தப்பாத பதில் வரும். வருஷம் கேட்டால் வராது. எது நடந்தபோது என்று கேட்க வேண்டும். அத்தையின் அம்மா பிறந்தது 'எம்டன் குண்டு போட்ட வருஷம்'. எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னையில் குண்டு போட்டது 1914 செப்டம்பர் 22. அத்தை தன் பள்ளிக்கூடத்தை நிறுத்தியதற்குக் கணக்குச் சொன்னது 'வெள்ளைக்காரன் போனதுக்கு முன்ன, பிரெஞ்சுக்காரன் போனதுக்கும் முன்ன'.

வீட்டுக்கு வந்ததும் மொய் நோட்டைத் தேடினேன். அப்பா கல்யாணத்து நோட்டு, 1966. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கடலூரைப் புரட்டிப் போட்டபோது ஓடு பறந்து டிரங்குப் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கியது. நோட்டு நனைந்து, பிறகு காய்ந்து, செங்கல் மாதிரி ஒட்டிக்கொண்டது. அப்படியே 13 வருஷம் கிடந்தது.

முதல் நாள் அவசரத்தில் கையால் பிரித்தேன். இரண்டு தாள் பாதியாகக் கிழிந்தது, மேல் தோல் ஒரு பக்கமும் கீழ்த் தோல் ஒரு பக்கமும். கீழே வைத்துவிட்டு யோசித்தேன். அப்புறம் செய்தது இது: மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் டப்பா ஒன்று, அடியில் பிழிந்த ஈரத் துணி, அதன் மேல் இட்லித் தட்டு ஒன்றைக் கவிழ்த்து, அதற்கு மேல் நோட்டு. நோட்டில் தண்ணீர் படக் கூடாது, டப்பாவுக்குள் இருக்கிற ஈரக் காற்று மட்டும் பட வேண்டும். நீல-கறுப்பு மை, ஈரம் பட்டால் ஊறலாம். அதனால் முதலில் ஓரத்தில் ஒரு எழுத்தின் மேல் ஈரப் பஞ்சை ஒற்றிப் பார்த்தேன், லேசாகத்தான் ஒட்டியது. ஒரு பகல் ஒரு ராத்திரி விட்டதும் தாள் இளகிவிட்டது. அதற்கு மேல் விட்டால் பூஞ்சை வரும். தென்னை ஈர்க்கைச் சீவி வழவழப்பாக்கி, ஓரத்தில் நுழைத்து, மெதுவாக உள்ளே தள்ளித் தாள் தாளாகப் பிரித்தேன். ஒவ்வொரு தாளுக்கும் நடுவில் அச்சடிக்காத வெள்ளை நியூஸ்பிரின்ட். அச்சடித்த பேப்பர் வைத்தால் அதன் மை இதில் ஏறும். மேலே பலகை, பலகை மேல் இரண்டு செங்கல், நிழலில் ஐந்து நாள். வெயிலில் காட்டாதீர்கள், அப்பளம் மாதிரி நெளியும். செல்லோடேப் ஒட்டாதீர்கள், லேமினேஷன் கடை பக்கமே போகாதீர்கள்.

மங்கிய பக்கங்களை இருட்டறையில் வைத்து, டார்ச்சைத் தாளின் பக்கவாட்டில் படுக்க வைத்துப் போட்டோ எடுத்தேன். நிப் அழுத்திய தடம் நிழலாகத் தெரிகிறது. மை போன இடத்திலும் எழுத்து இருந்தது.

மொய் நோட்டை நான் இத்தனை நாள் பணக் கணக்கு என்று நினைத்திருந்தேன். ஊர், அப்பா பெயர், ஆள் பெயர், தொகை என்று வரிசையாக இருக்கிறது. வரிசைக்கும் அர்த்தம் இருக்கிறது. தாய்மாமன் மொய் எழுதாமல் மற்றவர் எழுத மாட்டார்கள், அடுத்து மற்ற மாமன் வகையறா, அப்புறம்தான் ஊரார். சைகோன் தாத்தாவின் மகன் பெயர் ஏழாவது வரியில் இருந்தது. ௹ 25. பக்கத்தில் 'மாமன் முறை' என்று எங்கள் கணக்குப்பிள்ளைச் சித்தப்பாவின் கையெழுத்து. அந்த நாளில் 25 சின்னத் தொகை கிடையாது, மற்றவர்கள் ஒன்றும் இரண்டும் ஐந்தும் எழுதியிருக்கிறார்கள்.

சரி, பங்காளி இல்லை, மாமன் மச்சான். எந்த வழியில்? என் தாத்தாவின் தம்பி சைகோனார் பெண்ணைக் கட்டியது 1930 வாக்கில். அந்த ஒரு கல்யாணத்தால்தான் உறவா, அதற்கு முன்னாலும் உண்டா? அத்தைக்கு அது தெரியவில்லை. "அதுக்கு முன்னயே சொந்தம்தான்" என்றார், அவ்வளவுதான்.

இங்கேதான் பாரிஸ் பெண் கை கொடுத்தாள். பிரான்சில் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரத்தில் கடல் கடந்த பகுதிகளுக்கான தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது. பழைய குடியேற்றப் பகுதிகளின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளை அவர்கள் ஸ்கேன் செய்து இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறார்கள். புதுச்சேரியும் அதில் உண்டு. பெயர் போட்டுத் தேட முடியாது, வருஷத்தைத் திறந்து பக்கம் பக்கமாகத் தள்ள வேண்டும். வருஷக் கடைசியில் பெயர் அட்டவணை இருந்தால் அதிர்ஷ்டம். சைகோனாரின் மூத்த பிள்ளை பிறந்த வருஷத்திலிருந்து பின்னோக்கிப் போகச் சொன்னேன். வேலை முடிந்து ராத்திரி ராத்திரி தள்ளியிருக்கிறாள். ஒன்பதாம் நாள் விடியற்காலை என் போனில் ஒரு படம் வந்தது.

1890களின் கடைசியில் ஒரு கல்யாணப் பதிவு. மாப்பிள்ளை சைகோன் தாத்தா. அவர் அப்பா பெயர் (நெருப்பு என்னும் காலஞ்சென்றவர்), அம்மா பெயர். பெண், பெண்ணின் அப்பா பெயர், அம்மா பெயர். பெண்ணின் அப்பா பெயரும் அதே பெயர்! மாமனாருக்கும் அப்பாவுக்கும் ஒரே பெயர். ஒருவர் காலமானவர், இன்னொருவர் உயிரோடு வந்து சாட்சிகளோடு நிற்கிறார். அம்மாக்கள் பெயர் வேறு வேறு. பெண்ணின் அம்மா பெயர், எங்கள் வீட்டில் மூத்த பெண் குழந்தைக்கு இன்றும் வைக்கிற பெயர்.

பெண், என் கொள்ளுத் தாத்தாவின் தங்கை.

அப்பாக்கள் இருவருக்கும் ஒரே பெயர் எப்படி வந்தது என்பதில் புதிர் இல்லை. எல்லாரும் சாமி பெயர் வைத்தவர்கள், பேரனுக்குத் தாத்தா பெயர் என்று சுற்றிச் சுற்றி வைத்தவர்கள். ஒரு ஊரில் அந்தப் பெயரில் அரை டஜன் பேர் இருந்திருப்பார்கள். அப்பா பெயர் பொருந்தினால் போதாது, அம்மா பெயரும் பொருந்த வேண்டும். நம் பத்திரங்களில் அம்மா இல்லை. பிரெஞ்சுக்காரன் பதிவேட்டில் அம்மா இருக்கிறாள், அதுவும் இன்னாரின் மனைவி என்று மட்டும் இல்லாமல் அவளுடைய பெயரிலேயே. அவர்கள் ஆண்டதில் எனக்குப் பெரிய பிரியம் எதுவும் இல்லை, ஆனால் இந்த ஒரு விஷயத்துக்கு நன்றி சொல்கிறேன்.

என் தாத்தாவின் தம்பி கட்டியது சொந்த அத்தை மகளை. எல்லாம் பொருந்திவிட்டது. தீட்டு மூன்று நாள், கோடி, ஏழாவது வரி, 25 ரூபாய். படம் எங்கள் வீட்டில் ஏன் மாட்டியிருந்தது என்பதும்தான். அது இந்த வீட்டு மாப்பிள்ளையின் படம்.

சார்ட்டை மறுபடி போட்டேன். இந்த முறை பென்சில். மரம் மாதிரி வரவில்லை. முறைப்பெண் கட்டிய இடத்தில் இரண்டு கிளை திரும்பி வந்து ஒரே ஆளிடம் சேர்கின்றன, எள்ளுத் தாத்தாவுக்கு இரண்டு வழியில் போகலாம். முறம் பின்னுவது போலத்தான் வரைய வேண்டியிருந்தது. அதைக் கம்ப்யூட்டரில் ஏற்ற கிராம்ப்ஸ் என்ற இலவச மென்பொருளைப் பிடித்தேன். குடும்பப்பெயர் என்று ஒரு கட்டம் கேட்டது. நல்லவேளை, அந்தப் பெயர் எப்படி வந்தது என்று குறிக்கவும் இடம் வைத்திருக்கிறார்கள், அதில் 'தந்தை பெயர்' என்று தேர்ந்துகொள்ளலாம். படையாட்சி, கவுண்டர் எல்லாவற்றையும் பட்டம் என்ற கட்டத்துக்குத் தள்ளிவிட்டேன். பாரிஸ் கிளைக்கு மட்டும்தான் குடும்பப்பெயர்க் கட்டம் உண்மையாக நிரம்பியது.

சைகோன் தாத்தாவின் அப்பாவுக்கு அப்பா யார் என்பது கிடைக்கவில்லை. ஜீவானந்தபுரத்தில் தேசிய ஆவணக் காப்பகத்தின் புதுச்சேரிப் பிரிவு இருக்கிறது. மழைக்காலம் முடிந்ததும் போகலாம் என்று வைத்திருக்கிறேன்.

புரட்டாசியில் பாரிஸுக்கு வீடியோ போட்டேன். பக்கத்தில் பெரிய அத்தை. சட்டம் போட்டு மாட்டியதைக் கழற்றச் சொன்னேன். காரணத்தைச் சொன்னேன். உன் அப்பா எனக்கு அண்ணன் இல்லை, மச்சான். ஆகவே நான் உனக்குச் சித்தப்பா இல்லை, மாமா.

"எட்டு மாசமா சித்தப்பா சொல்லக் கத்துக்கிட்டேன்" என்றாள், முகம் வாடியது. அப்புறம், "மாமா சொல்றது சுலபம்தான்" என்று சிரித்தாள்.

அத்தைக்கு என்ன கேட்டதோ, போனைப் பிடுங்கிக்கொண்டார். "கல்யாணம் எப்ப?"

வருகிற ஆனியில், புதுச்சேரியிலேயே வைக்கப் போகிறார்களாம். அத்தை என் பக்கம் திரும்பினார்.

"சித்தப்பான்னா கை வீசிக்கினு போயிருக்கலாம். இப்ப மாமன் ஆயிட்ட. சீர் வைக்கணும்டா. ஒம்போது தட்டு. பட்டுப்புடவை பச்சையில எடு, அந்த வூட்டுக்குப் பச்சைதான் ராசி."

நேற்று காஞ்சிபுரத்தில் விலை விசாரித்தேன்.